மூன்று மணிப் பார்வையாளர்

நாற்பது நொடி போதாது என்று மாஸ்டர் மூன்றாவது முறையாகச் சொன்னபோது, வெப்சைட் செய்து தரும் பெண் கணினியை விட்டுத் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"டிரைவிங் ஸ்கூல் பக்கத்த யாரு மாஸ்டர் அதுக்கு மேல பாப்பாங்க? நம்பர எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க."

மாஸ்டர் முப்பது வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அவருடைய வெப்சைட்டில் இருந்தது ஒரே பக்கம்தான். மஞ்சள் காரின் அருகில் அவர் விறைப்பாக நிற்கும் படம், வகுப்பு நேரம், போன் நம்பர். யார் எந்த ஊரிலிருந்து வந்து எத்தனை நேரம் பார்த்தார்கள் என்று காட்டும் பக்கத்தை அந்தப் பெண்தான் ஒருநாள் விளையாட்டாகத் திறந்து காட்டினாள். அன்றோடு அவர் நிம்மதி போயிற்று. கடல் தாண்டி, அவருடைய மகள் குடியிருக்கும் ஊரிலிருந்து, தினமும் மூன்று மணிக்கு யாரோ வந்து நாற்பது நொடி பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

யாரென்று அவருக்குச் சந்தேகமே இல்லை. அங்கேதான் அவர் மனைவி இருந்தாள்.

மகளின் பிரசவத்துக்கு மூன்று மாதம் என்று போனவள். குழந்தை குப்புற விழட்டும் என்றாள், தவழட்டும் என்றாள், நடக்கட்டும் என்றாள். குழந்தை நடந்து, ஓடி, செருப்பை ஜன்னல் வழியாக எறியவும் கற்றுக்கொண்டுவிட்டது. இருபது மாதமாக வீட்டில் அடுப்பின் ஒரு பக்கம்தான் எரிகிறது. போனில் அவள் சாப்பிட்டாச்சா என்பாள், இவர் ஆச்சு என்பார். அப்புறம் போன் மகளிடம் போய்விடும். 'வா' என்ற ஒற்றை எழுத்து தினமும் அவர் நாக்கு நுனிவரை வந்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. கேட்டால் வந்துவிடுவாள்தான். ஆனால் கேட்காமலே வரவேண்டும் என்றிருந்தது.

ஏதாவது அசைந்தால் ஆட்கள் கொஞ்சம் நின்று பார்ப்பார்கள் என்று அந்தப் பெண் சொன்னதும், முதலில் ஒரு மஞ்சள் பொம்மைக் கார் பக்கத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடத் தொடங்கியது. மறுநாள் மூன்று மணி வருகை இரண்டு நிமிடம் நீடித்தது. மாஸ்டர் அன்று மாலை வகுப்பில் யாரையும் திட்டவில்லை. ஆனால் கார் போன் நம்பரின் மேலேயே ஓடியதால், சேர நினைத்தவர்கள் நம்பரைத் தொடும்போதெல்லாம் காரைத் தொட்டார்கள். ஒரு வாரம் புதிதாக ஒருவரும் சேரவில்லை.

நம்பர் கண்ணில் படட்டும் என்று அதை மின்ன வைத்தார்கள். மின்னும் நம்பருக்குப் பின்னால் ஒரு ஸ்டியரிங் சுற்றியது. வயதான ஒருவர் அதைப் பார்த்துத் தலை சுற்றிப் படுத்துவிட்டதாகவும், பொம்மை ஸ்டியரிங்கே இப்படி என்றால் நிஜக் காரே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டதாகவும் அவருடைய மருமகள் வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

மாஸ்டர் அசரவில்லை. வீடியோ வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். புதுச் சட்டை வாங்கி, தலையைப் படிய வாரிக்கொண்டு, பின்னோக்கி ஓட்டுவது எப்படி என்ற பாடத்தை எடுத்தார். கண்ணாடியைப் பார்க்கச் சொல்ல வேண்டிய இடத்தில் அவர் கேமராவைப் பார்த்தார்.

"ரிவர்ஸ் எடுக்கறதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்ல. போன வழியிலயே திரும்பி வரலாம். யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. வந்தாப் போதும்."

அந்த உருக்கத்தில் பின்னால் இருந்த கேட்டை அவர் மறந்துவிட்டார். கார் அதில் மோதி, கேட் மெதுவாகச் சாய்ந்தது. அந்த இடத்தை வீடியோவிலிருந்து வெட்டிவிடலாமென்று அந்தப் பெண் கெஞ்சினாள். பேச்சு நன்றாக வந்திருக்கிறது, ஒரு சொல்கூடப் போகக்கூடாது என்றார் மாஸ்டர். பக்கத்தைத் திறந்தவுடனே தானாகச் சத்தத்தோடு ஓடும்படியும் செய்ய வைத்தார். மறுநாள் அவருடைய மாணவி ஒருத்தி அலுவலகக் கூட்டத்தின் நடுவில் வகுப்பு நேரத்தைப் பார்க்கப் போக, மேலாளர் முன்னால் அவள் போன், வந்தாப் போதும் என்று அலறியது. அவள் வகுப்புக்கு வருவதை நிறுத்தினாள்.

அன்று மூன்று மணி வருகை பதினோரு நிமிடம்.

மாஸ்டர் அந்த எண்ணைத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போய் அடுப்பின் இன்னொரு பக்கத்தையும் தேய்த்துத் துடைத்தார். இன்னும் நான்கு வீடியோ சேர்த்தார். பக்கம் கனத்துத் திறக்காமல் போகும் என்று அந்தப் பெண் எச்சரித்தாள். கனக்கட்டும் என்றார்.

கனத்தது. யார் திறந்தாலும் நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மறுநாள் மூன்று மணிக்கு யாரும் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மாஸ்டர் திரைக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தார். தான் அதிகமாகப் பேசிவிட்டோம், அவள் கோபித்துக்கொண்டாள் என்று அவருக்குத் தோன்றியது.

"எல்லாத்தையும் எடுத்துடும்மா. பழையபடி அந்தப் படம் மட்டும் இருக்கட்டும். நாப்பது நொடி போதும் எனக்கு."

அவள் எல்லாவற்றையும் எடுத்தாள். மறுநாள் மூன்று மணிக்கு அந்த ஊரின் பெயர் மறுபடி வந்தது. நாற்பது நொடி. மாஸ்டர் கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

மாப்பிள்ளை. கல்யாணமானதிலிருந்து அவர் தானாக அழைத்ததே இல்லை. எல்லோரும் நலமா என்று மாஸ்டர் அவசரமாகக் கேட்டார். எல்லோரும் நலம்தான் என்றார் மாப்பிள்ளை. அந்த வீடியோக்களை ஏன் எடுத்துவிட்டீர்கள் என்று கேட்கத்தான் கூப்பிட்டாராம். அதுவும், கேட்டை இடித்த வீடியோ நன்றாக இருந்ததாம்.

இருபது மாதமாகக் கேட்காததை இப்போது கேட்டுவிட வேண்டும் என்று மாஸ்டருக்குத் தோன்றியது.

"மாப்பிள்ள, உங்க அத்தை அதத் தினமும் பாக்கறாளா?"

பின்னணியில் பாத்திரங்களை எந்தத் தட்டில் எப்படி அடுக்க வேண்டும் என்று மாஸ்டரின் மனைவி யாருக்கோ உத்தரவு போடுவது கேட்டது. ஒரு கதவு சாத்தப்பட்டது. மாப்பிள்ளை குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவங்களா எங்க பாக்கறாங்க, மாமா? உங்க முகத்தப் பாத்தாவது ஊருக்குக் கெளம்ப மாட்டாங்களான்னு நான்தான் தினமும் டிவில போட்டு அவங்க முன்னாடி வைக்கறேன்."