அரை நிமிடத் திறப்பும் தலைமன்னார் பஸ்ஸும்

உலகத்தில் பத்திரக்காரர் என்றொரு இனம் உண்டு. பொருளைக் கள்வன் கொண்டுபோகுமுன் தாங்களே அதை ஒருவருக்கும் உதவாமல் செய்துவிடுகிறவர்கள். நல்ல கோப்பைகளைக் கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டிவிட்டுப் பிடி உடைந்த கோப்பையில் தேத்தண்ணீர் குடிப்பார்கள். புதுக் குடை நனைந்துவிடுமே என்று அதைக் கக்கத்தில் மடித்து வைத்துக்கொண்டு மழையில் தாங்கள் நனைந்து வருவார்கள். கேட்டால், "சாமான் பத்திரமா இருக்கு" என்பார்கள். இருக்கிறது. யார் இல்லை என்றது?

பள்ளிமுனையில் நண்டு வாங்கி அனுப்பும் கந்தோர் ஒன்றின் மனேஜர் அருட்பிரகாசம், இந்த இனத்தில் முதல் வரிசைக்காரர். தலைமன்னார்க் கிளையைத் தனியாளாக நடத்துபவள் அவருடைய தங்கை சிசிலியா. "என்ர தங்கச்சி தங்கம்" என்று அவர் சொல்லாத நாளில்லை. தங்கத்தை அவர் என்ன செய்வார் என்பது உங்களுக்கு இதற்குள் விளங்கியிருக்கும்.

நண்டின் நிறையும் விலையும் எழுதிய பட்டியலைச் சிசிலியா காலை பத்து மணிக்குள் கணினியில் அனுப்பவேண்டும். அதைப் பார்த்துத்தான் பள்ளிமுனையிலிருந்து லொறி புறப்படும். பிந்தினால் நண்டு செத்துவிடும். அவளோ பக்கத்துத் தேத்தண்ணீர்க் கடையின் வைஃபையில் அனுப்பினாள். எதிர்க்கடை நண்டு வியாபாரி ரொபின்சன் எப்படியோ விலையை அறிந்து, மறுநாளே மீனவருக்குப் பத்து ரூபா கூட்டிக் கொடுத்தார். முதலாளி சொல்லிவிட்டார்: வி.பி.என். போடு, அதாவது, பொது இணையத்துக்குள் நம் இரண்டு கந்தோருக்கு மட்டுமான மூடிய பாதை. செலவு குறைவாக.

அருட்பிரகாசம் கோடு போட்ட கொப்பி ஒன்று வாங்கி இரண்டு மாதம் விசாரித்தார். பெரிய கொம்பனி ஒன்றின் மாத வாடகையைக் கேட்டு ஒருநேரச் சாப்பாட்டை விட்டார். போனில் இலவசமாகக் கிடைப்பதை, "சும்மா தாறவன் எங்கட பட்டியலத்தான் விப்பான்" என்று தள்ளினார். அது சரியான பேச்சு. பத்திரக்காரரும் இடைக்கிடை சரியாகப் பேசுவார்கள். கடைசியில் உயிலங்குளத்திலிருந்து கணினி திருத்தும் தக்சிகா வந்தாள்.

"நாலு பேருக்குப் பெரிய ஏற்பாடு தேவையில்ல ஐயா. இங்க ஒரு சின்ன ரவுட்டர் போதும். வி.பி.என். அதுக்குள்ளயே இருக்கு, மாத வாடகை இல்ல. உள்ள போறதுக்குச் சாவி மாதிரி, ஆளுக்கொரு திறப்புப் போட்டுத் தாறன்."

"ஒரு திறப்பு எவ்வளவு?"

"சும்மா."

"அப்ப ஒண்டு போடு."

"நாலும் சும்மாதான் ஐயா!"

"மிச்சம் மூண்டும் பத்திரமா இருக்கட்டும்."

அந்த ஒரு திறப்புக்கும் மேலதிகக் காவல் கேட்டார். அரை நிமிடத்துக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க எண். அது அவருடைய போனில் மட்டும் தெரியும். பள்ளிமுனைக் கணினியையும் அதே எண்ணால் பூட்டுவித்தார். அன்றிரவு நன்றாக உறங்கினார்.

காலையில் சிசிலியா அழைத்தாள். "அண்ணை, நம்பரைச் சொல்லுங்கோ."

"போனிலயா? ஆரும் ஒட்டுக்கேட்டா?"

எண்ணைத் தாளில் எழுதி, உறையிலிட்டு, மெழுகுதிரி உருக்கி ஒட்டி, சிவப்பு மையால் 'அவசரம்' என்று எழுதித் தலைமன்னார் பஸ்ஸில் கொடுத்துவிட்டார். பஸ்ஸுக்கு ஒரு மணித்தியாலம். எண்ணுக்கு அரை நிமிடம். நண்டு செத்தது.

மறுநாள் இன்னும் கவனமாக நடந்துகொண்டார்: சாரதியிடம் வேகமாகப் போகச் சொன்னார்.

"நாளைக்கும் பிந்தினா கிளையை மூடிப்போடுவன்" என்றார் முதலாளி. தங்கச்சியின் வேலை போய்விடும்! அருட்பிரகாசம் அன்றிரவே பஸ் நேரம் விசாரித்தார். மூன்றாம் நாள் போனைக் கைலேஞ்சியில் சுற்றிக்கொண்டு முதல் பஸ்ஸில் தாமே போய், தங்கையின் காதுக்குள் ஆறு இலக்கத்தையும் ஓதினார். கதவு திறந்தது. பட்டியல் போனது. அவர் கண் கலங்கியது.

உடனே பள்ளிமுனையிலிருந்து எழுதுவினைஞர் அஸீபா அழைத்தாள். "சேர், இங்க திறக்குதில்ல, நம்பர் கேக்குது! பத்தாகப் போகுது, லொறிக்காரர் கத்துறார்!"

"போனில சொல்ல ஏலாது பிள்ளை. நான் அடுத்த பஸ்ஸில வாறன்."

சிசிலியா போனைப் பறித்தாள். "நண்டு பஸ் பாத்துக்கொண்டு இருக்காது அண்ணை!" என்றவள், இறங்குதுறையே கேட்க ஆறு எண்ணையும் உரத்துச் சொன்னாள். எதிரே நின்ற ரொபின்சன் அதை அவசர அவசரமாகச் சிகரெட் பெட்டியில் குறித்துக்கொண்டார். அவர் குறித்து முடிக்கவும் எண் மாறிவிட்டது. அஸீபாவின் கணினி அதற்கு முன்பே திறந்திருந்தது; லொறி புறப்பட்டது.

அன்று மாலையே தக்சிகா வந்து மிச்சம் மூன்று திறப்பையும் பிரித்துக் கொடுத்தாள். கிளை பிழைத்தது. சிகரெட் பெட்டியை ரொபின்சன் எட்டாக மடித்துப் பெட்டகத்துள் பூட்டியிருக்கிறாராம். அவரும் நம்மவர்தான்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டு டீவி ரிமோட்டின் பொலித்தீன் உறையை இன்னும் ஏன் கழற்றவில்லை?