செர்ரிப் பூவும் சாமான் ரூம் சாவியும்

எங்கள் திருச்சுழிப் பக்கத்து ஆள் மலை ஏறினால் ஒன்று சாமி கும்பிட ஏறுவான், இல்லாவிட்டால் போலீஸுக்குப் பயந்து ஏறுவான். பூப் பார்க்க மலை ஏறியவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பார்க்க ஏறிய பூவைப் பார்க்காமலே இறங்கி வந்தவனும் நான்தான். இப்போது நினைத்தாலும் முழங்கால் வலிக்கிறது.

எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. அருப்புக்கோட்டையில் ஒரு பஞ்சுக் கம்பெனியில் வேலை. காலையில் பஸ்ஸு, சாயங்காலம் பஸ்ஸு, நடுவில் ஒரு டிபன் டப்பா. என் மனைவி ஈஸ்வரி அந்த எட்டு மாதத்தில் என்னிடம் எதையும் கேட்டதில்லை. சேலை கேட்கவில்லை, சினிமா கேட்கவில்லை. (கேட்காததால் நான் நல்ல புருஷன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு அவ்வளவுதான் அறிவு.) ஒரு மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, போனில் ஒரு வீடியோவைக் கொண்டு வந்து காட்டினாள். மலை முழுக்க ரோஸ் கலரில் பூ. இலையே இல்லை, மரமே பூவாக நின்றது.

"ஏங்க, செர்ரிப் பூவாம். ஜப்பான்ல மட்டுந்தான் இருக்கும்னு நெனச்சேன். கொடைக்கானலுக்கு மேலயும் இருக்காம்."

"தெரியுமே. நான் ரெண்டு வாட்டி பாத்துருக்கேன்" என்றேன்.

நான் கொடைக்கானலே பார்த்ததில்லை. எதற்காக அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"நெசமாவா? அப்ப என்னையும் ஒரு வாட்டி கூட்டிட்டுப் போங்க. பத்து நாள்ல உதுந்துருமாம்" என்றாள். எட்டு மாதத்தில் கேட்ட முதல் காரியம். சரி என்று தலையாட்டிவிட்டேன்.

தலையாட்டிய பிறகுதான் களம் ஞாபகத்துக்கு வந்தது. எங்கள் ஊரில் மழையை நம்பித்தான் மிளகாய் போடுவோம். பதினோரு மாதம் 'மழையே வா, மழையே வா' என்று வானத்தைப் பார்த்துக் கெஞ்சுவோம். மாசி வந்து பழத்தைப் பறித்துக் களத்தில் பரப்பிவிட்டால், அதே வாயால் 'அப்பா சாமி, வந்துராதே' என்று கும்பிடுவோம். காய்கிற வத்தலில் ஒரு தூறல் விழுந்தால் போதும், வெளுத்துச் சோடையாகிவிடும். ஒரு வருஷத்துப் பாடு ஒரு மணி நேரத்தில் போய்விடும். அந்த மூன்று வாரமும் வீட்டில் ஒருத்தர் களத்தோடு கிடக்க வேண்டும்.

அந்த வருஷம் அந்த ஒருத்தர் நான். தூத்துக்குடியில் இருக்கும் என் அக்காவுக்கு அடுத்த சனிக்கிழமை வளைகாப்பு. அப்பாவும் அம்மாவும் வெள்ளிக்கிழமையே கிளம்பிவிட்டார்கள். கூடப்பிறந்த அக்காவின் வளைகாப்புக்குக்கூடப் போகாமல் வத்தலைக் காக்க வேண்டியது என் பொறுப்பு. எனக்குச் சோறு பொங்க வேண்டியது ஈஸ்வரியின் பொறுப்பு. பஸ் ஏறும்போது அப்பா ஒரே வார்த்தைதான் சொன்னார்: "ஏலே, வத்தலு பத்திரம்."

பஸ் கண்ணிலிருந்து மறைந்ததும் ஈஸ்வரி என் முகத்தைப் பார்த்தாள். பத்து நாளில் ஐந்து நாள் போய்விட்டது என்பது அந்தப் பார்வையிலேயே இருந்தது. நான் நேராகப் பக்கத்துக் களத்துக் கருப்பையா அண்ணனிடம் போனேன். கருப்பையா அண்ணன் சொன்னதைச் செய்கிற மனிதர். சொன்னதை மட்டும் செய்கிற மனிதர்.

"அண்ணே, நாளைக்கு ஒரு நாள் மட்டும் எங்க களத்தையும் பாத்துக்கிருவீகளா?"

"போயிட்டு வா தம்பி. ஒரு ஆடு வாய் வைக்க விடமாட்டேன்."

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்பி, மதுரையில் மாறி, வத்தலக்குண்டு வளைவுகளில் குடலைக் கையில் பிடித்துக்கொண்டு, கொடைக்கானல் போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்து ஒரு மலைக்கிராமம் வரைக்கும் ஜீப்பு. அதற்கு மேல் நடைதான். என் கையில் பத்து லிட்டர் தண்ணிக் கேன் இருந்தது. (சிரிக்காதீர்கள். எங்கள் பக்கத்து ஆள் தண்ணீர் இல்லாமல் பக்கத்துத் தெருவுக்குக்கூடப் போகமாட்டான்.) ஜீப்காரத் தம்பி கேனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"அண்ணே, மேல எங்க பார்த்தாலும் தண்ணிதாண்ணே ஓடுது."

"இருக்கட்டும்ப்பா. நம்ம தண்ணி கையில இருந்தாத்தான் நமக்குத் தைரியம்."

"எவ்வளவு தூரம்?" என்று கேட்டதற்கு, "அரை மணி நேரம்ணே" என்றான். மலைக்காரர்களின் அரை மணி நேரம் என்ன என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு மணி நேரம் ஏறிய பிறகு, பூண்டு மூட்டையோடு இறங்கி வந்த ஒருவரிடம் கேட்டேன். அவரும் அரை மணி என்றார். இடது பக்கம் ஒரு ஓடை, வலது பக்கம் ஒரு ஓடை, காலுக்கடியில் ஒரு ஊற்று. நடுவில் பத்து லிட்டரைத் தூக்கிக்கொண்டு நான். தோள்பட்டை கழன்றுவிடும்போல இருந்தது. ரப்பர் செருப்பு ஒவ்வொரு அடிக்கும் வழுக்கியது. தட்டைக் காட்டில் பிறந்தவனுக்கு மேடு என்றால் கண்மாய்க் கரைதான். அதற்கு மேல் உயரம் என் காலுக்குத் தெரியாது.

ஈஸ்வரியோ முன்னால் போய்க்கொண்டே இருந்தாள். அவளும் எங்கள் பக்கத்துப் பெண்தான், அவளுக்கு மட்டும் எப்படி வந்ததோ. பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் நின்று திரும்பினாள்.

"எந்தப் பக்கம்ங்க? ரெண்டு வாட்டி வந்தேன்னீகளே."

"அப்ப நாங்க வேற வழியா வந்தோம்" என்றேன்.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வலது பக்கம் போனாள். நானும் பின்னாலேயே போனேன். மூச்சு வாங்கியதில் வெட்கப்படக்கூடத் தெம்பில்லை.

அங்கேதான் வெளிச்சம் மங்கியது. அண்ணாந்து பார்த்தேன். மேற்கே மலைக்குப் பின்னாலிருந்து கன்னங்கரேலென்று ஒரு மேகம் ஏறி வந்துகொண்டிருந்தது. வேர்வையைத் துடைக்கக் கர்ச்சீப் எடுக்கச் சட்டைப்பைக்குள் கையை விட்டேன். கையோடு ஒரு சாவி வந்தது.

எங்கள் களத்துச் சாமான் ரூம் சாவி. தார்ப்பாய் அதற்குள்ளேதான் இருக்கிறது. காலையில் பழக்கதோஷத்தில் பூட்டி, பழக்கதோஷத்திலேயே பைக்குள் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். மழை வந்தால் கருப்பையா அண்ணன் எதை வைத்து மூடுவார்? வேட்டியை அவிழ்த்தா மூடுவார்?

"ஈஸ்வரி, போச்சு. வத்தலு போச்சு."

"என்னங்க ஆச்சு?"

சாவியைக் காட்டினேன். மேகத்தைக் காட்டினேன்.

"இங்க மேகம் வந்தா அங்க எப்படிங்க மழை பேயும்? எங்க இருக்கு நம்ம ஊரு?"

"உனக்குத் தெரியாது. மேகத்துக்குக் காலு இருக்கு. சாயங்காலத்துக்குள்ள நம்ம ஊருக்கு வந்துரும்."

(இதை நான் மனப்பூர்வமாக நம்பினேன். எங்கள் ஊரில் வானம் ஒரே பாய் விரித்ததுபோல இருக்கும். காரியாபட்டியில் இருட்டினால் நாங்கள் இங்கே மூட்டையைக் கட்டுவோம். வானம் என்றால் எங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன்.)

போனை எடுத்தேன். டவர் இல்லை. ஜீப் நிற்கிற டீக்கடையில் மட்டும்தான் டவர் கிடைக்கும் என்று அந்தத் தம்பி ஏற்கெனவே சொல்லியிருந்தான்.

"இன்னும் இந்த ஒரு மேடுதானங்க. அங்க பாருங்க, மரமே தெரியுது" என்று ஈஸ்வரி கையை நீட்டினாள். நான் நிமிர்ந்தேன். ஆனால் மரத்தைப் பார்க்கவில்லை. மேகத்தைத்தான் பார்த்தேன். இன்றைக்கும் என் மேல் எனக்குக் கோபம் வருவது அந்த ஒரு நொடிக்குத்தான்.

"நீங்க இறங்கிப் போன் பண்ணுங்க. மேல நாலு காலேஜ் பிள்ளைக நிக்கிதுக. நான் பாத்துட்டு வாரேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அலுத்துப்போய்ச் சொன்னாள். அது கோபத்தைவிட மோசம்.

நான் இறங்கினேன். இறங்கினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. பாதித் தூரம் உட்கார்ந்த வாக்கில் வழுக்கிக்கொண்டு வந்தேன். தண்ணிக் கேன் எனக்கு முன்னால் உருண்டு போய் ஓடையில் விழுந்தது. டீக்கடையில் ஒரு குறிப்பிட்ட கல்லின் மேல் ஏறி நின்றால்தான் டவர் என்றார்கள். ஏறி நின்றேன். மூன்றாவது தடவையில் மணி அடித்தது.

"அண்ணே, மழை வருது. சாமான் ரூம் பூட்டை ஒடைங்க. தார்ப்பாயை எடுத்துக் களம் பூராம் மூடுங்க. நாலு பக்கமும் கல்லு வைங்க. நான் வாரவரைக்கும் தொறக்காதீக."

"தம்பி, இங்க வெயிலு மண்டையைப் பொளக்குதேப்பா..."

"வந்துரும்ண்ணே. நான் கண்ணால பாத்துக்கிட்டு இருக்கேன். மூடுங்க."

"அப்படியா? சரி தம்பி" என்றார். லைன் போய்விட்டது.

அப்பாடா என்று உட்கார்ந்தேன். மலையில் மழை பிடித்தது. சும்மா இல்லை, வாளியால் ஊற்றுகிற மழை. பார்த்தாயா, நான் சொன்னது சரிதானே என்று எனக்கு உள்ளுக்குள் பெருமைகூட வந்தது. இரண்டு டீ குடித்தேன். ஒரு மணி நேரம் கழித்து ஈஸ்வரி தொப்பலாக நனைந்து இறங்கி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. கல்யாணத்தன்றுகூட அவளை அப்படி நான் பார்த்ததில்லை. தலையிலும் தோளிலும் ரோஸ் இதழ்கள் ஒட்டிக்கிடந்தன.

"அடியிலயே நின்னேங்க. மழை அடிக்க அடிக்க எல்லாம் என் மேலயே கொட்டுச்சு. இப்ப மரத்துல ஒண்ணும் இல்ல."

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"நீங்கதான் ரெண்டு வாட்டி பாத்துருக்கீகளே" என்றாள்.

கடைசி பஸ்ஸைப் பிடித்து வத்தலக்குண்டு தாண்டும்போது அம்மா போன் செய்தாள். மரத்தடியில் அந்தக் காலேஜ் பெண்கள் எடுத்துக் கொடுத்த போட்டோவை ஈஸ்வரி ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறாள். வளைகாப்பு வீடு முழுக்கப் பார்த்திருக்கிறது.

"ஏலே, ஈஸ்வரி மலையில நிக்கிறா. வத்தலு எங்கலே நிக்கிது?" என்றாள் அம்மா.

மறுநாள் காலை அப்பா பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்குள்ளேகூட நுழையாமல் நேராகக் களத்துக்கு வந்தார். நானும் ஈஸ்வரியும் அப்போதுதான் மதுரையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து நின்றிருந்தோம். கருப்பையா அண்ணன் தார்ப்பாய் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். எங்கள் ஊரில் ஒரு சொட்டு மழை இல்லை. முந்தின நாள் நடு மத்தியானத்திலிருந்து, அடித்த வெயிலில், அரைகுறையாகக் காய்ந்த வத்தல் தார்ப்பாய்க்குள்ளேயே வெந்துகொண்டிருந்திருக்கிறது. அப்பா ஒரு மூலையைத் தூக்கினார். இட்லிச் சட்டியைத் திறந்ததுபோல ஆவி வந்தது. மேலாக இருந்ததெல்லாம் கறுத்துப் பிசுபிசுவென்று இருந்தது. கையால் கிளறிக் கிளறிப் பார்த்தார். பாதி தேறும்.

"தம்பி தொறக்காதன்னு சொன்னுச்சு. நான் தொறக்கல" என்றார் கருப்பையா அண்ணன்.

அப்பா வரப்பில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. உடைந்த பூட்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். ரொம்ப அசதியாக இருந்தார்.

"மழை பேஞ்சு கெட்டுச்சுன்னா சாமி மேல பழியைப் போடலாம்" என்றார். "இதுக்கு யார் மேலலே போடுறது?"

ஈஸ்வரி ஒரு அடி முன்னால் வந்தாள்.

"மாமா, அவுகளைச் சொல்லாதீக. நான்தான் பூப் பாக்கணும்னு கேட்டேன்."

அப்பா தலையைத் தூக்கி மருமகளைப் பார்த்தார். "பூவைப் பாத்தியாம்மா?"

"பாத்தேன் மாமா."

"நல்லா இருந்துச்சா?"

கொஞ்சம் தயங்கினாள். பிறகு உண்மையைச் சொன்னாள். "ரொம்ப நல்லா இருந்துச்சு மாமா."

"சரி விடு. ஒருத்தராவது போன காரியத்தை முடிச்சீக" என்று எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நல்லதையும் கெட்டதையும் பிரிக்க உட்கார்ந்துவிட்டார். நாங்களும் உட்கார்ந்தோம். கருப்பையா அண்ணனும் உட்கார்ந்தார். பொழுது சாயும்வரை பிரித்தோம். நெடி ஏறி எல்லாருக்கும் கண்ணில் தண்ணீர். என் கண்ணில் வந்தது நெடியால் மட்டும் இல்லை.

இது நடந்து ஆறேழு வருஷம் ஆகிறது. வீரசோழன் சந்தை வரைக்கும் எனக்கு ஒரே பெயர்தான்: மழை இல்லாமல் வத்தலை நனைச்சவன். கல்யாண வீட்டில் புதிதாக யாராவது என்னைப் பார்த்தால், என் சொந்தப் பெயருக்கு முன்னால் அதைத்தான் சொல்லி அறிமுகப்படுத்துகிறார்கள். என் மகளுக்குப் பேச்சு வந்த புதிதில் சொன்ன முதல் பெரிய வாக்கியமும் அதுதான். (யார் சொல்லிக் கொடுத்தது என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்து என்ன ஆகப்போகிறது.)

ஈஸ்வரி இப்போது வருஷா வருஷம் மாசியில் ஒரு வேன் பிடிக்கிறாள். முதல் வருஷம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனாள், அடுத்த வருஷம் அக்காவை, அதற்கடுத்து எங்கள் தெருப் பெண்கள் மொத்தப் பேரையும். போன வருஷம் அப்பாவும் கருப்பையா அண்ணனும்கூடப் போய்விட்டார்கள். களத்துக்குக் காவல் நான். அதில் யாருக்கும் மறுபேச்சு இல்லை, எனக்கும் இல்லை.

பூப் பார்த்துவிட்டு இறங்கியதும் அந்த டீக்கடைக் கல்லில் ஏறி நின்று ஈஸ்வரி வீடியோ கால் போடுவாள். எடுத்த பூப் படங்களைக் காட்டுகிறேன் என்பாள். டவர் சரியாக இருக்காது. ஒரு தடவை அம்மாவின் மூக்குக்கண்ணாடி தெரிந்தது, ஒரு தடவை யாரோ ஒருவரின் முழங்கை. பிறகு படம் அப்படியே நின்றுவிடும், சத்தம் மட்டும் வரும். "அங்க மழையாங்க?" என்று கேட்பாள். வேன் நிறையப் பேர் சிரிப்பது காதைக் கிழிக்கும்.

"இல்ல, வெயிலுதான்" என்பேன். சொல்லிவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்த பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு தடவை அண்ணாந்து பார்த்துக்கொள்வேன்.