ஆறு மாதம் கழித்து ஏன் வர வேண்டும்?

அன்பும் மரியாதையும் மிகுந்த மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் நலம் என்றாலே டாக்டரம்மா, "ரொம்ப நல்லது, ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்கிறார். அதனால் அந்த வார்த்தையை எழுதவே பயமாக இருக்கிறது.

நானும் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறவன். ரிப்பேர் முடிந்ததும் ஓட்டிக் காட்டி, "சத்தம் வந்தா கொண்டு வாங்க" என்று அனுப்பிவிடுவேன். ஓடுகிற மோட்டாரை யாராவது கழற்றுவார்களா? உங்கள் தங்கைக்கு மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்தது, கட்டி சுத்தமாகப் போய்விட்டது என்று சொன்னதும் இதே டாக்டரம்மாதான். பிறகு ஏன் கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுத்திப் பார்க்கிறார், மேமோகிராம் எடுக்கிறார்? இல்லாததைத் தேடி எதையாவது கண்டுபிடித்துத் தொலைப்பார்களோ என்று, தேதி நெருங்கும்போதே நான் காலண்டரைத் திருப்பி மாட்டிவிடுகிறேன். அவளோ புதிதாக வளர்ந்த முடியைச் சாவகாசமாக வாரிக்கொண்டிருக்கிறாள்.

இந்த முறை போனபோது, "முதுகு வலி, இருமல், தூக்கமின்மை ஏதாவது இருக்கா?" என்று டாக்டரம்மா கேட்டார். இவள் "ஒண்ணும் இல்ல" என்றாள். எனக்கு வந்ததே கோபம். "மறைக்கிறா டாக்டர். ராத்திரி பூரா இருமல், பொரண்டு பொரண்டு படுக்கிற சத்தம், நானே கேட்கிறேன்" என்று போட்டு உடைத்துவிட்டேன். உடனே நெஞ்சுக்கு எக்ஸ்ரே, முதுகுக்கு ஸ்கேன் என்று எழுதிவிட்டார். வெளியே வந்ததும் உங்கள் தங்கை, "இருமுறதும் நீங்க, பொரள்றதும் நீங்க. நான் பாட்டுக்குத் தூங்குறேன். உங்க இருமலுக்கு என்னைப் படம் பிடிக்க வச்சிட்டீங்களே" என்றாள். அதோடு பேச்சை நிறுத்தியவள்தான். யோசித்தால் அவள் சொல்வது சரிதான் போலிருக்கிறது. ரிசல்ட் நாளைக்கு வரும். என் இருமல் அவள் படத்தில் தெரிந்துவிடுமோ என்றெல்லாம் புத்தி போகிறது.

ஆகையால் நீங்கள் ஒரு நடை வந்து, டாக்டரம்மாவிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லி, இந்த ஆறு மாத அழைப்பை அடியோடு நிறுத்த வேண்டும். நான் வாயைத் திறந்தால் நர்ஸ் "நீங்க வெளிய உட்காருங்க" என்கிறார்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
வெளியே உட்கார்ந்திருக்கும்
உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: தபாலில் போடுவதற்குள் ரிசல்ட் வந்துவிட்டது. எதிலும் ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். உங்கள் தங்கைதான் கண்ணைத் துடைத்துவிட்டாள். ஆனா டாக்டரம்மா, "இனிமே வருஷத்துக்கு ஒரு தடவை வந்தா போதும்"னு சொல்லிட்டாங்க. அதெப்படி மச்சான், ஒரு வருஷம் பார்க்காம விடுறது? இவளும் சரின்னு தலையாட்டிட்டு வந்துட்டா. நீங்க உடனே கெளம்பி வந்து, பழையபடி ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்க. மூணு மாசம்னாலும் நான் கூட்டிட்டுப் போறேன்.