கதவைச் சாத்திக்கொண்டு முன்னேறியவன்

"இன்னையிலிருந்து இந்த வீட்டுல சாயங்காலம் எனக்குச் சொந்தம்" என்று அறிவித்தேன். மனைவி உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"காலை யாருக்குச் சொந்தம்?"

"விளையாடாதே. இணைப் பேராசிரியர் ஆகணும்னா ஆன்லைன்ல ஒரு பயிற்சி முடிக்கணும். புதிய கற்பித்தல் முறைகள். கடைசியில தேர்வு வேற. இந்தத் தடவை கோட்டை விட்டா என் ஜூனியர் எனக்கு மேல போய் உட்கார்ந்துடுவான்."

"அப்போ பாத்திரம்?"

"அதைத்தான் சொல்ல வர்றேன்."

பாத்திரம் தேய்ப்பது, துணி மடிப்பது, கடைக்கு ஓடுவது மூன்றும் என் இலாகா. அதைக் கைகழுவ ஐந்தாறு வாதங்களை நெட்டுரு போட்டு வைத்திருந்தேன். ஒன்றுக்கும் வேலை வைக்காமல், "நீங்க படிங்க, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். எனக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

மறுநாள் பல்கலைக்கழகத்திலிருந்து வந்ததும் படுக்கையறைக் கதவைச் சாத்தினேன். லேப்டாப்பில் பாடத்தை ஓடவிட்டு, சமையலறைக்குக் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினேன். பாடம் நடத்தியவருக்கு அப்படியொரு தாலாட்டுக் குரல். என் வகுப்பில் பிள்ளைகள் ஏன் தூங்குகிறார்கள் என்று முதல் முறையாகப் புரிந்தது. புரிந்த கையோடு நானும் தூங்கிவிட்டேன்.

அந்தப் பயிற்சியில் ஒரு கெடுபிடி உண்டு. நடுநடுவே பாடம் நின்று, 'இருக்கிறீர்களா?' என்று கேட்கும். பட்டனை அமுக்கினால்தான் மேலே நகரும். ஆனால் நான் கண்விழிக்கும்போதெல்லாம் பாடம் ஒழுங்காக முடிந்து, பச்சை நிறத்தில் 'நிறைவு' என்று காட்டும். நல்ல மனசுள்ள கம்ப்யூட்டர் என்று நினைத்துக்கொண்டேன். எல்லாப் பாடங்களையும் குறட்டை விட்டே முடித்தேன்.

தேர்வு நெருங்கியதும் மாதிரி வினாத்தாளைத் திறந்தேன். ஒரு கேள்விகூடப் பிடிபடவில்லை. டீ கொண்டுவந்த மனைவி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"முதல் கேள்விக்கு ரெண்டாவது விடை. அடுத்ததுக்கு நாலாவது."

"உனக்கெப்படித் தெரியும்?"

"சத்தம் நின்னா நீங்க தூங்கிட்டீங்கன்னு அர்த்தம். நான் வந்து பட்டனை அமுக்குவேன். அப்படியே உட்கார்ந்து கேட்டுடுவேன். நல்லாத்தாங்க சொல்லித் தர்றாரு அந்த மனுஷன்."

"தெய்வமே! எனக்குச் சொல்லிக் கொடு. என் மானத்தைக் காப்பாத்து."

"தாராளமா. ஆனா அவர் சொன்ன முறைப்படிதான் கொடுப்பேன். ஆசிரியர் பேசிட்டே இருக்கக் கூடாது. மாணவர் கையால செஞ்சு கத்துக்கணும். ஆசிரியர் ஓரமா உட்கார்ந்து கவனிக்கணும்."

சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்து கவனிக்கத் தொடங்கினாள்.

தவறிலிருந்து கற்றல் என்றால் சட்டி. அடிப்பிடிக்க விட்டதும் நான், தேய்த்ததும் நான். குழுச் செயல்பாடு என்றால் போர்வை மடிப்பது. குழுவில் நான் ஒருவன்தான். "ஏம்மா, இந்த முனையைக் கொஞ்சம் பிடியேன்" என்றால், "விடையை நான் சொல்லிட்டா நீங்க எப்படிங்க வளர்றது?" என்பாள்.

சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்கார ஆசிரியை. அத்தனையும் மண்டையில் ஏறிவிட்டது. தேர்வில் தேறினேன், பதவி உயர்வும் வந்தது. வாயெல்லாம் பல்லாக வீட்டுக்குள் நுழைந்தேன். ஜூனியர் முகம் போன போக்கை நினைத்து நினைத்துச் சிரிப்பு வந்தது.

"இணைப் பேராசிரியர் ஆயிட்டேன்! எல்லாம் உன்னாலதான்! பயிற்சிதான் முடிஞ்சுபோச்சே, இனிமே வீட்டு வேலையில பாதி உனக்கு, பாதி எனக்கு. சரிதானே?"

"ஒரே ஒரு தேர்வை வெச்சு யாரையும் எடை போடக் கூடாதுங்க" என்றபடி சோபாவில் சாய்ந்தாள். "வருஷம் பூரா மதிப்பீடு நடந்துட்டே இருக்கணும். கடைசிப் பாடம். நீங்க அப்போ நல்லாத் தூங்கிட்டிருந்தீங்க."