மேசைப் பாறையின் மேல் நிற்பவர்

மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் இரண்டே வகை என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். விழுந்தவர்கள், இனிமேல் விழப்போகிறவர்கள். தப்பு. மூன்றாவதாக ஒரு வகை உண்டு. அவர்கள் விழுந்ததும் இல்லை, விழப்போவதும் இல்லை. விழக்கூடிய இடம் வந்ததும் மரியாதையாக இறங்கி நின்றுகொள்வார்கள். இந்த இனத்துக்கு 'இறங்கிப் பார்ப்பவர்' என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். இன்றைக்கு உங்களுக்கு அவரைத்தான் அறிமுகம் செய்யப்போகிறேன்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். கூட்டத்திலேயே பளபளப்பான ஹெல்மெட் அவருடையது. முட்டிக் கவசம், முழங்கைக் கவசம், கையுறை, தோளுக்குப் பின்னால் தண்ணீர்ப் பை, அதிலிருந்து வாய்வரை ஒரு குழாய் எல்லாம் இருக்கும். சிராய்ப்பு மட்டும் இருக்காது. தூரத்தில் ஒரு பாறை தெரிந்தால் போதும், பத்தடி முன்னாலேயே பிரேக் பிடிப்பார். சைக்கிளை ஒரு மரத்தில் பதமாகச் சாய்ப்பார். பாறையருகே குந்தி உட்கார்ந்து, பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி அதைத் தொட்டுப் பார்ப்பார். யாருக்கும் இடைஞ்சல் செய்யாமல் கிடக்கிற ஒரு கூழாங்கல்லை எடுத்துத் தூர எறிவார். பிறகு எழுந்து, இடுப்பில் கை வைத்து, "ம்ம்..." என்பார். அந்த 'ம்ம்' முடிய ஐந்து நிமிடம் ஆகும்.

இறங்கிப் பார்ப்பது தப்பா? இல்லவே இல்லை. தேர்ந்தவர்களும் புது இடத்தில் இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் ஓட்டுவார்கள். ஆனால் அவர்கள் பார்த்துவிட்டு ஏறி ஓட்டுகிறார்கள். நம்மவர் பார்க்கிறார். அவ்வளவுதான்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் இருக்கும் இறங்கிப் பார்ப்பவர் தொழிலால் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். குழுவில் அவருக்குப் பெயர் 'சார்'. வயதுக்காக அல்ல, அறிவுக்காக. மலைச் சைக்கிளில் மனிதன் ஆசைப்படுகிற அத்தனை வித்தைகளும் அவருக்கு அத்துப்படி. முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு பின்சக்கரத்தில் மட்டும் போவது எப்படி, ஓடுகிற வேகத்திலேயே வண்டியோடு எம்பி ஒரு மரக்கட்டையைத் தாண்டுவது எப்படி, கால் ஊன்றாமல் நின்ற இடத்திலேயே நிற்பது எப்படி, கொண்டையூசி வளைவில் பின்சக்கரம் சறுக்காமல் திரும்புவது எப்படி, எல்லாவற்றையும் விளக்குவார். கடையில் உங்களை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடச் சொல்லி, எழுத்துப் பலகையைக் காட்டிவிட்டு, மூன்றாவது வரிக்கு வருவதற்குள் ஆரம்பித்துவிடுவார். "கண்ணு எங்க போகுதோ வண்டி அங்கதாங்க போகும். கல்லைப் பார்த்தீங்க, கல்லுலதான் போய் முட்டுவீங்க. சரி, இந்த எழுத்து தெரியுதா?"

அப்படியானால் அவர் ஏன் ஓட்டுவதில்லை என்று கேட்கிறீர்கள். காரணத்துக்கா பஞ்சம்? மழை பெய்திருந்தால், "ஈரமா இருக்கு, வழுக்கும்." வெயில் அடித்தால், "ரொம்பக் காஞ்சு கிடக்கு, மண்ணு பிடிமானம் இல்ல." இரண்டும் இல்லாத நல்ல நாளில் டயரை விரலால் அழுத்தி, "காத்து கொஞ்சம் ஜாஸ்தி." எல்லாமே சரியாக இருந்துவிட்டால்? "நீங்கள்லாம் முன்னாடி போங்க. யாராவது பின்னாடி பாத்துக்க வேணாமா?" அந்தத் தியாகத்தைக் கேட்டு நமக்கே கண் கலங்கும்.

இவரைக் கோழை என்று சொல்லிவிட்டுப் போனால் வேலை முடிந்தது. ஆனால் மனசு கேட்கவில்லை. ஏனென்றால் அவருக்கு ஆசை நிஜம். கடைக்குப் பின்னால் ஒரு சந்து இருக்கிறது. கடை திறக்கும் முன் அங்கே ஒரு காலி மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் தரையில் வைத்து, அதைத் தாண்டிக் குதிக்கப் பழகுகிறார். மூன்று வருடமாகப் பழகுகிறார். அவர் கடையில் கண்ணாடி வாங்கி, கூடு கொஞ்சம் சப்பையாக வந்து சேர்ந்திருந்தால் காரணம் இதுதான்.

இப்போது மேசைப் பாறைக்கு வருவோம். நாங்கள் போகிற பாதையில் பாதி தூரத்தில், சாப்பாட்டு மேசை உயரத்தில், முன்பக்கம் சரிந்து கிடக்கிற ஒரு பாறை. குழுவில் பேக்கரிக்காரர் அதில் பாடிக்கொண்டே இறங்குவார். லிஃப்ட் மெக்கானிக் அம்மாள் இறங்கும்போது கொட்டாவிகூட விட்டிருக்கிறார். சார் மட்டும் மேலே நின்று வழி சொல்வார். எல்லோரும் போனபிறகு பக்கத்துப் புதர் வழியாக வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்வார். யாரும் எதுவும் கேட்பதில்லை. எங்கள் குழு நாகரிகமான குழு.

வம்பு வந்தது வீட்டில். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கை கழுவிக்கொண்டிருந்தவரிடம் மனைவி சும்மா கேட்டிருக்கிறார். "அந்தப் பாறை, பாறைன்னு சொல்லுவீங்களே, அதுல ஓட்டிட்டீங்களா?" இவரும் சும்மா சொல்லியிருக்கிறார். "ஓ, ஓட்டியாச்சே!"

அந்த அம்மாள் யார் தெரியுமா? ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவுக்கு மாவுக்கட்டுப் போடுகிறவர். திங்கட்கிழமை காலை அவர் அறை வாசலில் பாதி வரிசை எங்கள் ஆட்கள்தான். "உங்க ஃபிரண்ட்ஸ் எல்லாரும் ஒரு ரவுண்டு வந்துட்டுப் போயிட்டாங்க. உங்களை மட்டும் காணோமே?" என்று ஒருநாள் கேட்டாராம். சார் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, "எல்லாம் டெக்னிக்" என்றாராம்.

அதோடு விட்டிருக்கலாம். விதி விடவில்லை. எலும்பு சேர்ந்தும் தைரியம் சேராத ஒரு நோயாளி, "எனக்கு இது வேணாம் சிஸ்டர்" என்று தன் மலைச் சைக்கிளை அந்த அம்மாளிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவர் அதில் வேலைக்குப் போனார். மதிய இடைவேளையில், ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற சரிவுப்பாதையில் ஏறி இறங்கிப் பார்த்தார். ஆறு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை, சாப்பாட்டு நேரத்தில், "என்னங்க, இந்த ஞாயித்துக்கிழமை நானும் வர்றேன்" என்றார். சாருக்குத் தண்ணீர் புரையேறியது.

"பாதை மோசமா இருக்கும்."

"உங்க பக்கத்துலயே வர்றேன்."

"லேடீஸ் அவ்வளவா வர்றதில்லையே..."

"லிஃப்ட் மெக்கானிக் அக்கா வர்றாங்களே! அவங்க மணிக்கட்டுக்கு நான்தானே கட்டுப் போட்டேன்."

சனிக்கிழமை சாயங்காலம் சார் என் வீட்டுக்கு வந்தார். காபியைத் தொடவில்லை. "நாளைக்கு மட்டும் வேற பாதையில போலாமா?" என்றார். ஏன் என்றேன். எல்லாவற்றையும் கொட்டினார். "பாறை என்ன பாறை, போனாப் போகுது. ரெண்டு வருஷமா அவகிட்ட பொய் சொல்லியிருக்கேன். அதுவும் ஒண்ணுமில்லாத விஷயத்துக்கு. நாளைக்கு அவ மூஞ்சிய நான் எப்படிப் பார்ப்பேன்?" அந்த மனிதர் குரல் உடைந்ததைக் கேட்டு எனக்கும் சங்கடமாகிவிட்டது. பேக்கரிக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன். வேறு பாதையில் மரம் விழுந்து கிடக்கிறதாம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பாறையும் இருந்த இடத்திலேயே இருந்தது.

சார் இறங்கினார். மரம், சாய்ப்பு, குந்தல், கூழாங்கல், ம்ம். பிறகு அன்றைக்குக் கொடுத்தார் பாருங்கள் ஒரு பிரசங்கம்! பெடல் இரண்டும் சமமாக இருக்கவேண்டும், முட்டி மடங்கவேண்டும், இடுப்பு சீட்டுக்குப் பின்னால் போகவேண்டும், முன் பிரேக்கை இறுக்கவே கூடாது, கண் பாறை மேல் இருக்கக்கூடாது, கீழே பாதை திரும்புகிற இடத்தில் இருக்கவேண்டும். இருட்டும்வரை பேசிவிட்டால் எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டாரோ என்னவோ. ஆனால் மணி அப்போது காலை ஏழரைதான். பேக்கரிக்காரர் பாடிக்கொண்டே போனார். மெக்கானிக் அம்மாள் போனார். மற்றவர்களும் போனார்கள்.

"நீங்க முதல்ல போங்க. பார்த்துக்கிட்டு வர்றேன்" என்றார் மனைவி.

"இல்ல இல்ல, நீ போ. நான் பின்னாடி பாத்துக்கிறேன்."

அந்த அம்மாள் ஏறினார். பெடல் சமம். முட்டி மடங்கியது. இடுப்பு பின்னால் போனது. கண் தூரத்தில். சொன்னது சொன்னபடி, ஒரு சொல் மிச்சம் வைக்காமல் செய்து, சர்ரென்று கீழே போய் நின்றார். கீழே ஒரே கைதட்டல். அவர் திரும்பி நின்று, முகமெல்லாம் சிரிப்பாக, "நீங்க சொன்னது அத்தனையும் கரெக்டுங்க! சீக்கிரம் வாங்க!" என்று கத்தினார்.

பாவம், இதைவிடப் பெரிய தண்டனை உண்டா? அவர் சொன்னது தவறாக இருந்திருந்தால் தப்பித்திருக்கலாம். சரியாக அல்லவா இருந்து தொலைத்தது!

சார் சைக்கிளைப் பிடித்தார். விட்டார். டயரை அழுத்தினார். வானத்தைப் பார்த்தார். ஈரமும் இல்லை, மண் காய்ந்தும் கிடக்கவில்லை, காற்றும் சரியாக இருந்தது. கீழே கைதட்டல் மெதுவாக அடங்கியது. அந்த அம்மாள் தன் வண்டியைக் கீழே படுக்கவைத்துவிட்டுப் புதர் வழியாக மேலே ஏறி வந்தார். வந்து பக்கத்தில் நின்றார்.

"இதுல நான் ஓட்டினதே இல்ல" என்றார் சார், பாறையைப் பார்த்துக்கொண்டே.

"தெரியும்."

"தெரியுமா? எப்போலேந்து?"

"ரெண்டு வருஷமா. நீங்க சொன்ன அன்னிக்கே." அந்த அம்மாள் அவர் கவசத்தைக் கீழே இறக்கிவிட்டு, முழங்கையைத் திருப்பிக் காட்டினார். "நாள் முழுக்கக் கையும் காலும்தானே பாக்கறேன்? ஒரு கீறல் இல்லாம இதையெல்லாம் கத்துக்கிட்டவங்களை நான் பார்த்ததே இல்லங்க."

"அப்ப ஏன் கேக்கல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு பார்த்தேன். பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லக்கூடாதா? நான் என்ன சிரிச்சிடுவேனா? அதுதான் கஷ்டமா இருந்துச்சு."

சார் ஹெல்மெட் வாரை ஒருமுறை இறுக்கினார். பிறகு, "பயமா இருக்கு" என்றார். நான் அவரை எட்டு வருடமாக அறிவேன். காரணம் எதுவும் ஒட்டாமல் அவர் சொன்ன முதல் வாக்கியம் அது.

"சரி. நான் கீழ நிக்கிறேன். கண்ணு என் மேலயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் இறங்கிப் போனார்.

சார் ஏறி உட்கார்ந்தார். பெடல் சமமாக இல்லை. முட்டி மடங்கவில்லை. இடுப்பு முன்னால் இருந்தது. முன் பிரேக்கை உயிரே போனாலும் விடமாட்டேன் என்று பிடித்திருந்தார். ஆனால் கண் மட்டும் மனைவி மேல் இருந்தது, அதனால் வண்டியும் நேராக அவரை நோக்கியே போனது. அந்த அம்மாள் அனுபவசாலி, ஒதுங்கிக்கொண்டார். சார் பாறையைத் தாண்டி, பாதையைத் தாண்டி, புல்லில் குப்புற விழுந்தார்.

சார் எழுந்தார். கவசம் இறங்கியிருந்த முழங்கையில் ரத்தம். ஹெல்மெட்டில் புல். பல் முப்பத்திரண்டும் தெரிந்தது. மனைவி மருந்துப் பையைப் பிரிப்பதற்குள் இன்னொரு கையை உயர்த்திக் கூட்டத்தை அமைதிப்படுத்தினார். "எல்லாரும் கவனிச்சீங்களா? இப்ப எங்க தப்பு நடந்துச்சுன்னு சொல்றேன், கேளுங்க!" அரைமணி நேரம் சொன்னார். பேக்கரிக்காரர் கீழே உட்கார்ந்தே கேட்டார்.

கதை முடிந்தது. ஆனால் நீங்கள் ஒன்று கேட்டிருக்கவேண்டும், கேட்கவில்லை. எல்லோரும் கீழே போனபிறகு புருஷனும் பெண்டாட்டியும் மேலே மெல்லிய குரலில் பேசியது எனக்கு எப்படிச் சொல்லுக்குச் சொல் தெரிந்தது? அவர்கள் யாரிடமும் சொல்லவில்லை. நான் மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன், ஐயா. என் டயரில் காற்று கொஞ்சம் ஜாஸ்தியாக இருந்தது.

நீங்கள் ஏன் கேட்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். சைக்கிளே தொடாதவராக இருக்கலாம். ஆனால் எழுதாத ஒரு விண்ணப்பம், கேட்காத ஒரு மன்னிப்பு, கற்றுக்கொள்ளப்போவதாக எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கும் நீச்சல் என்று ஏதோ ஒரு பாறை உங்களுக்கும் இருக்கிறது. அதனால்தான் நான் மேலே நின்றது உங்களுக்கு இயல்பாகவே தோன்றியது. சரி, வெட்கப்படாமல் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். இங்கே இரண்டு பேர் நிற்பதற்கு இடம் குறுகல். உங்கள் சைக்கிள் வேறு என் காலை இடிக்கிறது.