வெள்ளிக் காரில் ஒரு சவாரி

"வெள்ளிக் கார்ல உக்காந்து போனீங்கன்னா, ஒரு போட்டோ கூடவாண்ணே எடுக்கல?" என்று பம்பர் கேட்டதும் டர்போ திருதிருவென்று விழித்தார்.

நல்லவேளை, கேட்டது வாட்ஸ்அப் குழுவில். விழித்தது யாருக்கும் தெரியவில்லை. ஊருக்குள் உருமாற்றிய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் எது தென்பட்டாலும் படம் பிடித்துப் போடுவதற்கென்றே இருந்த குழு அது. டர்போ அதன் தலைவர். பிழைப்புக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. பட்டப்பெயரைத் தனக்குத் தானே சூட்டிக்கொண்டவர். பம்பர் வரி அலுவலகத்தில் குமாஸ்தா. தலைவர் பதவி மேல் அவனுக்கு ஒரு கண்.

யார் எந்தக் காரின் படத்தைப் போட்டாலும் டர்போ ஒரு வரியில் தீர்ப்பு எழுதிவிடுவார். "இறக்கை ஒட்டின தகர டப்பா." "சைலன்சருக்குச் சளி." வீட்டுக் காரை மனைவிதான் ஓட்டுவாள். இவர் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்து, அவள் கியர் மாற்றும்போதெல்லாம் பல் கூசியதுபோல முகத்தைச் சுளிப்பார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பது வீட்டோடு இருந்த விஷயம்.

அவர் வாயால் பாராட்டு வாங்கியது ஒரே ஒரு கார்தான். ஒரு பல் டாக்டருடைய வெள்ளிக் கார். தரையை நக்குகிற உயரம், முதுகில் இஸ்திரி மேஜை அகலத்துக்கு ஓர் இறக்கை. ஒருநாள் தியேட்டர் வாசலில் நிற்கும், மறுநாள் பாலத்தடியில் நிற்கும். படம் போட்டவனுக்கு அன்றைக்குக் குழுவில் ராஜமரியாதை. அந்த மரியாதையை பம்பர் அடிக்கடி தட்டிக்கொண்டு போன எரிச்சலில்தான், டாக்டர் தன்னை ஏற்றிக்கொண்டு ஊரையே சுற்றி வந்தார் என்று டர்போ அள்ளிவிட்டிருந்தார்.

போட்டோ இருக்கிறது, சாயங்காலத்துக்குள் போடுகிறேன் என்று பம்பருக்குப் பதில் எழுதினார்.

அந்தக் கார் சக்கரம் மாற்ற டயர் கடைக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு அங்கே ஓடினார். டயர் கடைக்காரர் அவரிடம் கண்ணாடி வாங்குகிறவர். உள்ளே உட்கார்ந்து ஒரே ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சவும், சாவியைக் கையில் திணித்துவிட்டு அவர் சாப்பிடப் போனார்.

உடம்பை மடக்கி உள்ளே இறங்குவதற்குள் டர்போவுக்கு மூச்சு வாங்கியது. ஸ்டியரிங்கைப் பிடித்து, இதெல்லாம் நமக்குப் பழகிப்போன சங்கதி என்கிற மாதிரி உதட்டைக் கோணி, செல்போனைத் தூக்கிப் பிடித்தபோது யாரோ கதவுக் கண்ணாடியைத் தட்டினார்கள். பல் டாக்டர்.

"நீங்க கடை டிரைவரா?"

இல்லை என்றால் திருடன் என்றாகிவிடும். ஆமாம் என்றார்.

"நல்லதாப் போச்சு. எனக்கு முழங்கால் வலி, கிளட்ச் மிதிக்க முடியாது. தெருமுனையில என் கிளினிக் வாசல்ல வண்டியை விட்டுடுங்க."

மனைவி செய்வதை இத்தனை வருஷம் பார்த்து முகம் சுளித்தவர், அதையே செய்து பார்த்தார். கார் உறுமியது. முட்ட வரும் ஆடு மாதிரி ஒரே துள்ளலில் கடையை விட்டு வெளியே பாய்ந்து அணைந்தது. மறுபடி கிளப்பினார். இன்னொரு துள்ளல். இப்போது சாலையின் குறுக்கே, இரண்டு பக்கமும் ஈ கூடப் போக முடியாதபடி நின்றது.

அந்த உறுமலைக் கேட்டுக் குழுவே திரண்டு வந்துவிட்டது. வரி அலுவலகம் பக்கத்துத் தெருவில் என்பதால் பம்பர்தான் முதல் ஆள்.

"அண்ணே, நீங்களேவா ஓட்டுறீங்க?"

அவன் குரலில் நிஜமாகவே பக்தி இருந்தது. டர்போ ஸ்டியரிங்கில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார். இஞ்சின் சூடாகிவிட்டது, பந்தயக் கார்களை நடுவழியில் இப்படி மூச்சு வாங்க விடவேண்டும் என்று விளக்கினார். சுற்றி நின்றவர்கள் பயபக்தியோடு தலையாட்டிப் படம் பிடித்தார்கள். பின்னால் மாட்டிக்கொண்ட பஸ் டிரைவர் மட்டும் இறங்கி வந்து, அச்சில் ஏற்ற முடியாத ஒரு வார்த்தை சொன்னார்.

டர்போ குனிந்து மனைவிக்குப் போன் போட்டார். உடனே வந்து ஒரு காரை நகர்த்தித் தரவேண்டும் என்றார்.

"நான் தொட்டா கியர் கதறுதும்பீங்களே. பாவம், அது நிம்மதியா இருக்கட்டும்" என்று அவள் வைத்துவிட்டாள்.

வேறு வழியில்லை. கால் மரத்துவிட்டது, நீ கொஞ்சம் எடு என்று பம்பரிடம் கிசுகிசுத்தார். பம்பர் பின்வாங்கினான். அடுத்தவனைப் பார்த்தார், அவன் தன் செருப்பைப் பார்த்தான். செல்போன்கள் ஒவ்வொன்றாகப் பைக்குள் போயின.

"எங்க யாருக்கும் ஓட்டத் தெரியாதுண்ணே" என்றான் பம்பர் கடைசியில்.

அந்த அவமானத்திலும் டர்போவுக்கு இளக்காரம் பொங்கியது. கார் ஓட்டக்கூடத் தெரியாத கும்பலுக்கா இத்தனை நாள் தலைவராக இருந்தோம்? இந்தக் கூட்டத்தில் ஆண்பிள்ளை டாக்டர் ஒருவர்தான் என்று தீர்மானித்து, காரிலிருந்து தவழ்ந்து வெளியே வந்து, கடை வாசலில் நின்ற அவரிடம் உண்மையை ஒப்புக்கொண்டார். வலியைப் பொறுத்துக்கொண்டு நீங்களே எடுத்துவிடுங்கள், இந்த மாதிரி வண்டியை உங்களைப் போன்றவர் ஓட்டினால்தான் அதற்கு அழகு என்றார்.

டாக்டர் வானத்தைப் பார்த்தார். பிறகு ஓரமாகப் போய் யாருக்கோ போன் செய்தார்.

கொஞ்ச நேரத்தில் ஓர் இழுவை லாரி வந்தது. அதன் டிரைவர் யாரையும் கேட்காமல் கொக்கியை மாட்டி, வெள்ளிக் காரை மேலே ஏற்றிவிட்டு டாக்டர் பக்கம் திரும்பினார்.

"ஏன் டாக்டர், நீங்க எப்பத்தான் ஓட்டக் கத்துக்கப் போறீங்க? தினமும் நானேதான் இதைத் தூக்கிட்டுப் போய் வைக்கிறேன். சரி, இன்னைக்கு எந்தத் தெருவுல இறக்கட்டும்?"