நேரம் தவறாத யப்பான் பேய்

வருஷப் பிறப்புக்கு முந்திய கிழமை யப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்டான். ஒரு காலைப் பொழுது வந்தான், வந்த வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டான். அவன் பெயரைச் சொல்லி வீரசிங்கச் சாமி இரண்டு மாதமாகக் கோழிக்கறி தின்றுகொண்டிருந்தார்.

சாமி சொன்ன கதை இதுதான். சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கி மேல் ஒரு யப்பான் விமானம் விழுந்து எரிந்தது. அதை ஓட்டிவந்தவனின் ஆவி எண்ணெயில் தாழ முடியாமல் மிதந்து, கரையேறி, சல்லிக் கிராமத்துக்குக் குடிவந்துவிட்டது. இவ்வளவு பெரிய உலகத்தில் கருவாடு காயும் சல்லியை அது ஏன் தேடி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. பேய் விஷயத்தில் கேள்வி கேட்பது மரியாதை இல்லையே.

பேய் பார்க்கச் சனம் திரண்டது. நிலாவெளியிலிருந்து வண்டி கட்டி வந்தார்கள். சம்பூரிலிருந்து தோணி ஏறி வந்தார்கள். கூப்பன் அரிசிக்கு வரிசையில் நிற்க முணுமுணுத்தவர்கள், பேய்க்காக உச்சி வெயிலில் வாய் திறக்காமல் நின்றார்கள்.

சாமியின் பெருமை சாதாரணமானதல்ல. மற்றப் பூசாரிகள் கூப்பிட்டால் பேய் மட்டும்தான் வரும். வீரசிங்கச் சாமி கூப்பிட்டால் வெள்ளைக்காரனின் சைரனே அலறும். கழுத்தில் தொங்கும் செப்புப் பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கும் மந்திரத் தகட்டை ஒரு பார்வை பார்ப்பார். "வாடா யப்பான்" என்பார். உடனே பள்ளிக்கூட வளவிலிருந்து சைரன் ஏறி இறங்கி ஊளையிடும். பேய் வருவது வெள்ளைக்காரனின் மெஷினுக்கும் தெரிந்துவிடுகிறது என்பது சாமியின் விளக்கம். சைரன் கேட்டால் பதுங்குகுழிக்குள் இறங்க வேண்டும் என்பது சட்டம். சாமி பக்கத்தில் நிற்கும்போது சட்டம் எதற்கு என்று சனம் அசையாமல் நின்றது.

அசைந்தவள் சிவக்கொழுந்து ஒருத்திதான். பேய் பிடித்திருந்தது அவளைத்தான். சைரன் தொடங்கினதும் அவள் அலறுவாள், தலைமயிரைப் பிய்ப்பாள், கிட்டப் போனவரைக் கடிப்பாள். சாமி பிரம்பை எடுத்து விளாசுவார். சற்று நேரத்தில் ஆபத்து நீங்கியதற்கான நீண்ட ஊதல் கேட்கும். அவள் துவண்டு விழுவாள். "போயிட்டான்" என்று சாமி வியர்வையைத் துடைப்பார். அடுத்த கிழமை பேய் திரும்பி வரும். சாமிக்கு இன்னொரு சேவல் வரும்.

அடி விழும்போது அவளுடைய கைகளைப் பிடித்து அமுக்குவது அவளின் தமையன் யோகராசா. கரைவலை இழுக்கிற கை, நன்றாகவே அமுக்கும். ஒருநாள் அவள் அவன் முழங்கையில் கடித்தாள். யோகராசா அந்தக் காயத்தை ஊரெல்லாம் காட்டித் திரிந்தான். யப்பான்காரனிடமே கடி வாங்கியவன் என்று அவனுக்கு ஒரு மதிப்பும் வந்தது. மதிப்போடு சீழும் வைத்தது. அதனால்தான் அவன் டிஸ்பென்சரிக்குப் போனான்.

அங்கே இருந்தவர் இரத்தினேஸ்வரி மிஸி. கொழும்பில் மனநோய் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து, யுத்த காலத்துக்கென்று இங்கே மாற்றலாகி வந்த தாதி.

"என்ன கடிச்சது தம்பி?"

"யப்பான்காரன், மிஸி."

மிஸி காயத்தைக் கழுவி, குனிந்து பார்த்தார். "யப்பான்காரனுக்கு முன்பல் ஒண்டு இல்லைப்போல."

"ஓம் மிஸி, தங்கச்சிக்கும் அந்தப் பல் இல்லை" என்றான் யோகராசா. சொன்ன பிறகும் அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

மருந்து கட்டி முடியுமுன் அவன் மற்ற விஷயத்தையும் சொல்லிவிட்டான். வருகிற வெள்ளிக்கிழமை கடைசிப் பூசை. குண்டுச் சிதறல் ஒன்றை நெருப்பில் பழுக்கவைத்துச் சாமி அவளுடைய நெற்றியில் சூடு வைக்கப் போகிறார். அதோடு யப்பான் பேய் கப்பலேறிவிடும்.

மிஸி பின்னேரமே சல்லிக்கு வந்தார். சிவக்கொழுந்து அறை மூலையில் சுருண்டிருந்தாள்.

"கிட்டப் போகாதேங்கோ மிஸி, அடிப்பாள்" என்றான் யோகராசா.

"ரெண்டு பேர் சேந்து அமுக்கினா நானும் அடிப்பன். நீங்க வாசலை மறைக்காமல் அங்கால இருங்கோ. அவளுக்கு வெளியில போற வழி தெரிய வேணும்."

மிஸி ஒரு கை தூரத்தில் நிலத்தில் அமர்ந்தார். தொடவில்லை. மந்திரம் சொல்லவில்லை. நெடுநேரம் சும்மா இருந்துவிட்டுக் கேட்டார்: "உம்மடை அவர் பேர் என்ன பிள்ளை?"

சிவக்கொழுந்தின் புருஷன் சீனன்குடாவில் மூட்டை தூக்கப் போனவன். குண்டு விழுந்த அன்று போனான், திரும்பவில்லை. உடல் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காமல் அழுதால் தரித்திரம் என்று ஊர் அவளை அழவிடவில்லை. இரண்டு மாதத்தில் அவனுடைய பெயரை அவளிடம் கேட்ட முதல் ஆள் இந்த மிஸிதான்.

"தம்பிராசா" என்றாள் அவள். பிறகு, "அண்டைக்கு விடியப் பிட்டுக் கட்டிக் குடுத்தனான். தேங்காய்ப்பூக் காணாதெண்டு சண்டை பிடிச்சவர். நானும் பேசிப்போட்டன். முகம் பாராமல் போனவர், மிஸி. பிறகு சைரன் ஊதினது."

அவள் அழத் தொடங்கினாள். "அழாதை" என்று யோகராசா எழும்பினான்.

"இருங்கோ தம்பி. இது எப்பவோ வந்திருக்க வேண்டிய அழுகை."

யோகராசா உட்கார்ந்தான். இந்தத் தங்கச்சியையா இத்தனை நாள் பிடித்துக் கொடுத்தேன் என்று முதல்முறையாக நெஞ்சு சுட்டது. ஆனாலும் சாமி பொய் சொல்வாரா? ஒரு மனிதனுக்கு இரண்டு பக்கமும் நம்பிக்கை இருந்தால் நித்திரை வராது. அவனுக்கும் வரவில்லை.

அடுத்த நாள் மிஸி இருவரையும் பள்ளிக்கூட வளவுக்குக் கூட்டிப்போனார். அங்கே மரச் சட்டத்தில் பூட்டிய ஒரு இரும்புக் குடம், பக்கத்தில் ஒரு கைப்பிடி. அதுதான் சைரன். பொறுப்பாளர் மஹ்ரூப் காக்கா குண்டுவீச்சுக் காவல்படையின் ஏ.ஆர்.பி. தொப்பியைக் கழற்றிவிட்டு வரவேற்றார்.

"இது யப்பான் வந்தாலும் ஊதும், ஒத்திகைக்கும் ஊதும். சுத்தினா ஊதும், விட்டா நிண்டுரும்" என்றார் அவர். "ஒத்திகை எப்பண்டு ஊருக்குச் சொல்ற இல்ல. எனக்கும் சுத்துற கதிரவேலுக்கும்தான் தெரியும்."

"கதிரவேல் ஆர், காக்கா?" என்று மிஸி கேட்டார்.

"நம்மட வீரசிங்கச் சாமிர மச்சான்தான்" என்று சொன்னவர் அப்படியே நின்றார். தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். முகம் சிவந்துபோயிருந்தது. "வெள்ளிக்கிழம நாலு மணிக்கு ஒத்திகை. அவனுக்குச் சொல்லி ரெண்டு நாளாகுது."

சிவக்கொழுந்து கைப்பிடியைத் தொட்டாள், சுட்டதுபோல இழுத்துக்கொண்டாள், மறுபடி தொட்டாள்.

"சொல்லிப்போட்டு ஊதினா தாங்குவீரோ பிள்ளை?" என்றார் மிஸி. "ஏலாதெண்டா வேண்டாம். வேறை வழி பாப்பம்."

அவள் கைப்பிடியை விடவில்லை. "சொல்லிப்போட்டு ஊதினா தாங்குவன்."

வெள்ளிக்கிழமை கோயில் முன்றலில் சனம் மணல் தெரியாமல் நிறைந்தது. கடலைக்காரி கூட வந்திருந்தாள். நெருப்பில் குண்டுச் சிதறல் சிவந்துகொண்டிருந்தது. பாயில் சிவக்கொழுந்து, பக்கத்தில் மிஸி.

மிஸி எழுந்து சொன்னார்: "சாமி, நீங்க கூப்பிட்டுப் பேய் வந்தா நானே இவளைப் பிடிச்சுத் தாறன், சூடு வையுங்கோ. வராட்டி இவளை ஒருத்தரும் தொடக்கூடாது. சரியோ?"

சாமி செப்புப் பெட்டியைத் திறந்து பார்த்தார். சிரித்தார். "சரி" என்றார். சனமும் சரி என்றது. இன்னொருத்தியின் நெற்றி என்றால் சனத்துக்குச் சரி சொல்வது எளிது.

"வாடா யப்பான்."

சைரன் ஊதவில்லை. பள்ளிக்கூட வளவில் மஹ்ரூப் காக்கா கதிரவேலைத் தன் எதிரே கதிரையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, நாட்டு நிலவரம் கதைத்துக்கொண்டிருந்தார்.

சாமி உடுக்கடித்தார். பெட்டியைப் பார்த்தார். யப்பான் பாஷை என்று எதையோ உளறினார். "வெள்ளைச் சட்டை மிஸியைக் கண்டு பயப்படுகுது" என்றார். மிஸி ஒரு கறுப்புச் சால்வையால் போர்த்திக்கொண்டார். அப்போதும் வரவில்லை. "பகலில அவனுக்கு நித்திரை" என்றார். இத்தனை நாளும் பகலில்தானே வந்தான் என்று ஒரு குரல் கேட்டது. கேட்டது யோகராசா. தன் குரல்தான் என்று தெரிந்ததும் அவனே திடுக்கிட்டான்.

வெயில் சாய்ந்தது. சாமியின் தொண்டை அடைத்தது. "சாமி, அவன் வராட்டி வேறை யப்பான்காரன் ஆரும் கிடக்கோ?" என்று கடலைக்காரி உண்மையான அக்கறையோடு விசாரித்தாள்.

மிஸி சட்டையில் குத்தியிருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். நாலு மணி எப்பவோ தாண்டியிருந்தது. சிவக்கொழுந்தின் காதருகே குனிந்தார். "இப்ப ஊதும் பிள்ளை. காக்கா சுத்துறார். என்ர கையைப் பிடியும்."

சைரன் எழும்பியது.

சிவக்கொழுந்து நடுங்கினாள். பல்லைக் கடித்தாள். மிஸியின் விரல்கள் வெளிறும்வரை பிடித்தாள். ஆனால் இருந்த இடத்தில் இருந்தாள். சனம் பேயைத் தேடி நாலு பக்கமும் பார்த்தது. ஓடியவர் ஒரே ஒருவர்.

"அது ஒத்திகை இல்லை. ஒத்திகை நாலு மணிக்கெண்டு கதிரவேல் சொன்னவன். இது உண்மையான குண்டு, ஓடுங்கோ" என்று கத்தியபடி வீரசிங்கச் சாமி உடுக்கை எறிந்தார், வேட்டியைத் தூக்கினார், கோயில் பின்னால் இருந்த பதுங்குகுழிக்குள் தலைகீழாகப் பாய்ந்தார். ஊருக்கே பேயாக இருந்த சத்தம் அவர் ஒருவருக்குத்தான் குண்டாக இருந்தது.

போகிற போக்கில் செப்புப் பெட்டி அறுந்து மணலில் விழுந்து திறந்தது. யோகராசா எடுத்துப் பார்த்தான். உள்ளே தகடும் இல்லை, மந்திரமும் இல்லை. ஏதோ கப்பல்காரனின் கைக்கடிகாரம், வார் அறுந்தது, டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருந்தது. அதை அவன் ஒவ்வொருவரிடமும் கொண்டுபோய்க் காட்டினான். முன்பு கடித்த காயத்தைக் காட்டிய அதே ஆட்களிடம்தான்.

குழிக்குள்ளிருந்து சாமியின் அலறல் கேட்டது. கையும் காலும் உதறின. பல்லும் அடித்தது.

"இவருக்கும் பிடிச்சிட்டுது" என்று யாரோ பிரம்பை எடுத்தார்கள்.

"வையுங்கோ அதை" என்றார் மிஸி. "பயந்த மனிசரை அடிக்கிற வேலை இந்த ஊரில இண்டையோட முடிஞ்சுது. சத்தத்தை நிப்பாட்டினா அவரும் நிப்பாட்டுவார்."

சிவக்கொழுந்து எழுந்தாள். "நான் போய் நிப்பாட்டுறன்" என்றாள். அவள் பள்ளிக்கூடத்தை நோக்கி நடந்தாள். மிஸி பின்னால் போனார். யோகராசா தங்கச்சியின் கையைப் பிடிக்கப் போனான், பிறகு பிடிக்காமல் பக்கத்தில் நடந்தான். "என்னை மன்னிச்சுக்கொள் பிள்ளை" என்றான். கொஞ்சத் தூரம் போனபின், "கை நொந்தது, அண்ணை" என்றாள். அவன் அழுதான்.

மஹ்ரூப் காக்கா கைப்பிடியை அவளிடம் விட்டார். அவள் ஒரே சீராகச் சுற்றினாள். ஆபத்து நீங்கிய ஊதல் நீளமாகக் கடல்வரை போயிற்று. அங்கே குழிக்குள் சாமியின் நடுக்கம் நின்றது. சேறு வழிய ஏறி வந்தவர் சனத்தின் முகத்தைப் பார்த்தார், திரும்பிப் பாராமல் நிலாவெளி ரோட்டைப் பிடித்தார்.

அந்தக் கிழமையே தம்பிராசாவுக்கு உடல் இல்லாமல் செத்த வீடு செய்தார்கள். சிவக்கொழுந்து வாய்விட்டு அழுதாள். ஊரில் ஒரு தரித்திரமும் வரவில்லை, ஏற்கனவே இருந்ததைத் தவிர. அதற்குப் பிறகும் சைரன் கேட்டால் அவளுக்கு உடம்பு நடுங்கும். மிஸி வந்து போவார். ஒவ்வொரு ஒத்திகைக்கும் மஹ்ரூப் காக்கா முன்கூட்டியே ஆளனுப்பிச் சொல்வார்.

ஊர் திருந்தியதா என்று கேட்கிறீர்களா? செத்த வீடு முடிந்த மறுநாள் சிவக்கொழுந்து பள்ளிக்கூட வளவுப் பக்கம் போனாள். சைரனுக்கு மஞ்சள் துணி கட்டியிருந்தது. கைப்பிடியில் குங்குமம். கீழே கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. பேயோட்டிய தெய்வத்தின் முன்னால் கடலைக்காரி கண்ணை மூடி நின்றாள்.

சிவக்கொழுந்து துணியை அவிழ்த்து, குங்குமத்தை அதனாலேயே துடைத்தாள். "அக்கா, இதுக்குக் கும்பிடு தேவையில்லை. துருப்பிடிக்காமல் எண்ணெய் விட்டு, இடைக்கிடை சுத்தினாக் காணும்."

சைரனுக்கு மட்டுமா சொன்னாள்? கடவுள் தந்ததென்று பத்திரமாகக் கும்பிட்டு வைத்திருக்கிறோமே தோளுக்கு மேலே ஒன்று, அதையும் இடைக்கிடை சுற்றிப் பாருங்கள்.